இரண்டு வீட்டுக்காரர்கள்

தூத்துக்குடியில் பல் விழுவது நின்றுபோனதால், பல்செட் செய்யும் ஞானதிரவியம் சென்னைக்கு வர வேண்டியதாயிற்று. முதலாளி முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பார்த்தார். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. கரும்பைக் கடித்துக் காட்டினார்கள். சென்னையில் பல் நன்றாக விழுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பட்டறையை அப்படியே லாரியில் ஏற்றி அயனாவரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அச்சுகள், மெழுகு, அரைக்கும் மோட்டார், ஞானதிரவியம் எல்லாம் ஒரே லாரியில் வந்தன.

பட்டறைக்கு இடம் கிடைத்துவிட்டது. திரவியத்துக்குக் கிடைக்கவில்லை. பட்டறையிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டான். சுற்றிலும் அலமாரிகளில் வெள்ளை வெள்ளையாகத் தாடை அச்சுகள். முன்பின் தெரியாதவர்களின் வாய்கள். அவை அவனிடம் எதுவும் கேட்கவில்லை. சென்னையில் தன்னிடம் எதுவும் கேட்காத வாய்கள் அவை மட்டும்தான் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவன் நாற்பதைத் தொட்டவன். கல்யாணம் ஆகவில்லை. அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆகவில்லை, அவ்வளவுதான். ஊரில் அது ஒரு குறையாக இருந்தது. இங்கே அது ஒரு கணக்குப் பிரச்சினையாக இருந்தது. ஒன்று என்பது இந்த ஊரில் எண்ணிக்கையில் சேராது.

முதல் வீட்டிலேயே இது விளங்கிவிட்டது. கேட்டில் நின்ற அம்மாள், “எத்தன பேரு?” என்று கேட்டாள்.

“நான் ஒருத்தன்தாம்மா.”

அந்த அம்மாள் அவனுக்கு இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். “அப்போ யாருமே வரலையா?”

“நான் வந்திருக்கேம்லா.”

“அது தெரியுது. குடிவரப் போறது யாரு?”

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவள் விரலைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கூடம் வரை போகும் நடை கொஞ்சம் நீண்டது. கூடம் உள்ளே தள்ளிப்போனது. அதுவரை கேட்டிலிருந்தே தெரிந்துகொண்டிருந்த மின்விசிறி இப்போது தெரியவில்லை. “ஆளுங்க வந்ததும் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் போய்ச் சேர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அடுத்த வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“அசைவம் உண்டா?”

“உண்டு.”

“வாயைத் திறங்க.”

ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவன் திரவியம். அவன் வாயை யாரும் பார்த்ததில்லை. திறந்தான். அவர் டார்ச் அடித்து, கடைவாய் வரைக்கும் பார்த்தார்.

“விளமீனா?”

“ஆமா. நேத்து.”

“சரி, விளமீன்கூடப் பரவாயில்ல” என்று டார்ச்சை அணைத்தார். “ஆனா ஒத்த ஆளா வந்திருக்கீங்களே.”

மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் மிகவும் அன்பாகப் பேசினார். மோர் கொடுத்தார். “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“தூத்துக்குடி.”

“அது சரி. தூத்துக்குடியில எந்தப் பக்கம்?”

திரவியம் தெருப்பெயரைச் சொன்னான்.

“தெருவுல எந்தப் பக்கம்?”

“கிழக்குப் பக்கம்.”

“வீட்டுக்குள்ள எந்தப் பக்கம் படுப்பீங்க?”

“சன்னல் பக்கம்.”

“அதுலயும் எந்தப் பக்கமா ஒருக்களிச்சு?”

“வலது பக்கமா.”

பெரியவர் வருத்தத்தோடு மோர் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார். “சொல்ல விருப்பம் இல்லன்னா நேராவே சொல்லிடலாமே தம்பி.”

ஒரே ஒரு இடத்தில் மட்டும், தனியாளா என்று கேட்டதோடு விட்டு வீட்டைத் திறந்து காட்டினார்கள். வெளியே நல்ல பச்சைப் பெயின்ட். தேக்குக் கதவு. கதவைத் திறந்தால் அடுத்த தெரு இருந்தது. ஒரு மாடு போய்க்கொண்டிருந்தது. வீடு என்பது அந்த முன்சுவர் மட்டும்தான். “பேச்சலருக்கு இதுவே தாராளம்” என்றார்கள்.

இதற்கிடையில் முதலாளி பட்டறைக்கு வந்து, அவன் படுத்திருந்த மூலையை நாடா வைத்து அளந்தார். “இங்க புது அலமாரி வருது திரவியம். ஞாயித்துக்கிழமைக்குள்ள வீடு பாத்துரு. இல்லன்னா அலமாரியில ஒரு தட்டு ஒதுக்கித் தாரேன்.” அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தட்டின் உயரத்தையும் சொன்னார்.

திரவியம் பயந்துபோனான். ராத்திரி படுக்கும்போது அந்தத் தாடைகளோடு தாடையாகத் தானும் வெள்ளையாக இருப்பதைப் போல நினைத்துப் பார்த்தான். பொருந்தித்தான் இருந்தது. அதுதான் அவனை மேலும் பயமுறுத்தியது. மறுநாள் விடிந்ததும் புரோக்கர் கன்னியப்பனைத் தேடிப் போனான்.

கன்னியப்பன் ஒரு இஸ்திரி வண்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். திரவியத்தை மேலும் கீழும் பார்த்தான்.

“வூடு எக்கச்சக்கமா கீது சார். நீதான் கம்மியா கீற.”

“அதுக்கு என்ன செய்யணும்?”

“குடும்பத்த இட்டுனு போ.”

“குடும்பம் இல்லையே.”

“வூடும்தான் இல்ல. அதுக்கு எங்கைல வந்தல்ல? இதுக்கும் எங்கைலதான் வரணும்.”

அவன் திரவியத்தை ஒரு பழைய கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. பந்தி நடக்கும் நீளக் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. கன்னியப்பன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனான்.

“இது புதுசா கண்ணாலம் கட்டுன ஜோடி. அபார்ட்மென்ட்டுக்கு நல்லா போவும். இது கூட்டுக் குடும்பம், பிரிச்சுத் தர மாட்டேன். அது கைக்கொயந்தயோட. ஆனா கொயந்த அயுவும், வூட்டு ஓனருங்க ஒத்துக்க மாட்டாங்க. உனக்கு இது போதும்.”

கடைசி பெஞ்சில் ஒரு பெண்மணி பிரஷர் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் அளவான பொட்டு. பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், இயற்பியல் கைடைத் திறந்து வைத்திருந்தாள்.

“எந்தச் சாதின்னு கேட்டா?” என்றான் திரவியம்.

“எல்லாத்துக்கும் பொருந்தும் சார். எத்தினி வாட்டி தோச்சாலும் சாயம் போவாது.”

திரவியம் அந்தப் பெண்மணியைக் கும்பிட்டான். “உங்க பேரு?”

“எந்த வீட்டுக்கு?”

“ஏகாம்பரம்னு ஒருத்தராம். ரிட்டயர்டு ஆபீசர்” என்றான் கன்னியப்பன்.

“அப்ப தில்லைநாயகி” என்று எழுந்துகொண்டாள். “இவ யாமினி. நம்ம பொண்ணு. ப்ளஸ் டூ.”

யாமினி கைடை மூடாமலே எழுந்தாள். கிட்டத்தில் பார்த்தபோது அவளுக்கு இருபத்தைந்தாவது இருக்கும் என்று திரவியத்துக்குத் தோன்றியது. கடைவாயில் ஞானப்பல் முழுசாக முளைத்திருந்தது. அவன் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது.

“எத்தன வருசமா ப்ளஸ் டூ?” என்று மெதுவாகக் கேட்டான்.

“வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து” என்றாள் யாமினி. “பரீட்சைக்குப் படிக்கற பொண்ணு இருந்தா வீடு அமைதியா இருக்கும்னு ஓனருங்களுக்கு ஒரு நம்பிக்கை.”

ஏகாம்பரம் மாடியில் இருந்தார். கீழ்ப்பகுதி வாடகைக்கு. எழுபது வயதிருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு, வீட்டுக்குள்ளேயே பேனா குத்தியிருந்தார். பேசும்போது பல்செட் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டது. யாரோ அவசரத்தில் செய்த செட் என்று திரவியத்துக்குப் பார்த்த உடனே தெரிந்தது. மேல்தட்டு ஒரு நூல் பெரிசு.

அவர் கேள்விகளை எல்லாம் தில்லைநாயகியிடமே கேட்டார்.

“சைவமா?”

“நீங்க எதுவோ அதுதான் சார்.”

“எந்தப் பக்கம்?”

“நீங்க எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்.”

“விருந்தாளி வருவாங்களா?”

“எங்களுக்கு யாரும் இல்ல சார். பொண்ணு படிக்கறதால எல்லாரையும் நிறுத்திட்டோம்.”

ஏகாம்பரம் சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷப்படப் பட நடை சுருங்கி, கூடம் வாசல்படிக்கே வந்துவிட்டது. அவர்கள் நின்ற இடத்திலிருந்தே வீட்டுக்குள் இருந்தார்கள். அப்புறம்தான் அவர் கண் திரவியத்தின் மேல் பட்டது.

“இவரு?”

“என் வீட்டுக்காரர்.”

பல்செட் சத்தம் நின்றது. “வீட்டுக்காரர் நான்தாம்மா.”

“நீங்க வீட்டுக்கு வீட்டுக்காரர் சார். இவர் எனக்கு வீட்டுக்காரர்.”

“ஒரு வீட்டுல ரெண்டு வீட்டுக்காரர் எப்படி இருக்க முடியும்? வாசல்ல வந்து யாராவது ‘வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க’ன்னு சொன்னா யாரு போறது?”

தில்லைநாயகி யோசித்தாள். “பணம் வாங்கணும்னா நீங்க வாங்க. குடுக்கணும்னா இவரு வருவாரு.”

“அந்த மட்டுக்கும் நியாயம்” என்றார் ஏகாம்பரம். ஆனாலும் முழு திருப்தி இல்லை. திரவியம் நின்ற இடத்தில் மட்டும் தரை கொஞ்சம் வாசல் பக்கமாகச் சரிந்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

இப்படியாகத் திரவியத்துக்குச் சென்னையில் வீடு கிடைத்தது.

ஆணி அடிக்கக் கூடாது. சத்தமாகத் தும்மக் கூடாது. துணி காயப்போடலாம், ஆனால் தெருவில் போகிறவர்கள் அது யாருடைய துணி என்று கண்டுபிடிக்கும்படி இருக்கக் கூடாது. குழாயைத் திறக்கும் முன் மாடியைப் பார்த்து ஒரு முறை இருமிக் காட்ட வேண்டும். இவை எல்லாம் ஏகாம்பரம் வாயால் சொன்னவை. சொல்லாதவை தனி. அதற்கு நடை இருந்தது. அவருக்குப் பிடிக்காததை யாராவது செய்தால் நடை நீண்டுவிடும். ஒருநாள் திரவியம் குளிக்கும்போது பாட்டுப் பாடிவிட்டான். குளியலறையிலிருந்து படுக்கையறைக்குத் திரும்பி வருவதற்குள் தலை காய்ந்து, மறுபடி பசித்தும்விட்டது.

ஏகாம்பரம் தினமும் காலையில் கீழே இறங்கி வருவார். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். “என் வீட்டுல நான் உக்காரக் கூடாதா?” என்பார். யாரும் கூடாது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தில்லைநாயகி காபி கொடுப்பாள். யாமினி பக்கத்து அறையில் ஒளிவிலகலை வாய்விட்டுப் படிப்பாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். “படிப்புச் சத்தம் வீட்டுக்கு நல்லது. சுவர் கெட்டிப்படும்” என்பார்.

அவருடைய மனைவி அமெரிக்காவில் இருந்தாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள். அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறது. “அடுத்த மாசம் வந்துடுவா” என்று ஏகாம்பரம் சொல்வார். ஒவ்வொரு மாதமும் அதே அக்கறையோடு சொல்வார். மத்தியானம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். தில்லைநாயகி ஒரு தட்டுக் கூடுதலாக வைப்பாள். அவர் ‘வேண்டாம் வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே உட்காருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரவியத்துக்கு மீன் இல்லாமல் முடியவில்லை. தில்லைநாயகி சன்னல்களை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, குக்கருக்குள் வைத்தே குழம்பு வைத்தாள். விசில் வருவதற்கும் ஏகாம்பரம் மாடிப்படி இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

“என்ன வாசன?”

“கத்திரிக்கா சார்” என்றாள் தில்லைநாயகி.

அவர் உட்கார்ந்தார். இலையில் விழுந்ததைப் பார்த்தார். வாயில் வைத்தார். நெடுநேரம் மென்றார். பல்செட் ஒரு இடத்தில் தட்டியது. வாயிலிருந்து நடுமுள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

“முள்ளு இருக்கே.”

“நாட்டுக் கத்திரிக்கா சார்.”

“அதான் பார்த்தேன்” என்றார் ஏகாம்பரம். “இந்த ருசி ஹைபிரிட்ல வராது. இன்னும் ரெண்டு துண்டு போடுங்க. தலப்பக்கமா போடுங்க.”

அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்ததால் திரவியம் துணிந்து கேட்டான். “சார், உங்க மேல் செட்டு லேசா ஆடுது. குடுத்தீங்கன்னா ஒரே நாள்ல சரி பண்ணித் தாரேன். காசு வேண்டாம்.”

ஏகாம்பரம் இலையை மடித்தார். “குடியிருக்கறவங்க வீட்டுக்காரர் வாயில கை வெக்கக் கூடாது.”

அன்று சாயங்காலம் முழுக்கத் திரவியம் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்துகொண்டிருந்தான். போய்ச் சேர்ந்தபோது தில்லைநாயகி குக்கரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நீங்க எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?” என்று கேட்டான்.

“வீடு தேடித்தான் வந்தேன்” என்றாள். “தனியா வந்தேன். பொம்பள தனியான்னதும் கேட்டைப் பூட்டிட்டாங்க. சில பேரு பூட்டல. அது இன்னும் மோசம். கன்னியப்பன்தான் பெஞ்சுல உக்காருன்னான். யாமினியும் அப்படித்தான். ஏதோ பரீட்சைக்குப் படிக்க வந்தவ. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்ததால அம்மா பொண்ணு ஆயிட்டோம்.”

“உங்க சொந்தப் பேரு என்ன?”

அவள் குக்கரைக் கவிழ்த்து வைத்தாள். “அந்தப் பேருக்கு யாரும் வீடு தரல.”

திரவியத்துக்கு அந்த வீடு பிடித்துப்போயிருந்தது. வேலை முடிந்து வரும்போது கதவைத் திறக்க ஆள் இருந்தது. யாமினி நிமிர்ந்து பார்க்காமலே ‘அப்பா வந்தாச்சு’ என்பாள். தொழில்முறையாகத்தான் சொல்வாள். ஆனால் மாடியில் ஏகாம்பரம் இல்லாத நேரத்திலும் சொல்வாள். அதை அவன் கவனித்து வைத்திருந்தான்.

ஒருநாள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்திலிருந்து வந்தார்கள். செயலாளர் வனஜகுமாரி முன்னால் வந்தார். பின்னால் இரண்டு பேர், மூக்கை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

“இந்தக் கட்டடத்துல ஒரு பேச்சலர் இருக்கறதா தெருவுல வாடை அடிக்குது” என்றார் வனஜகுமாரி. “பாத்துட்டுப் போயிடறோம்.”

ஏகாம்பரம் கூடத்தில் பேப்பரோடு எழுந்து நின்றார். “நல்லா பாருங்க மேடம். என் வீட்டுல அப்படிப்பட்டவங்க இருந்தா எனக்கே தெரியணும். எனக்கும் கொஞ்ச நாளா ஒரு சந்தேகம் இருக்கு” என்று சொல்லித் திரவியத்தைப் பார்த்தார்.

மூக்குக்காரர்கள் சமையலறைக்குப் போனார்கள். தட்டுகள் பல இருந்தன. குளியலறையில் பிரஷ்கள் பல இருந்தன. கட்டிலுக்கு அடியில் மோந்தார்கள். தும்மினார்கள். வனஜகுமாரி திரவியத்தின் எதிரே வந்து நின்றார்.

“உங்க மனைவிக்குப் பிடிக்காதது என்ன?”

திரவியத்துக்குத் தெரியாது. அவன் கேட்டதே இல்லை. “என்னையத்தான்” என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

மூக்குக்காரர்கள் சிரித்தார்கள். “சந்தேகமே இல்ல மேடம், புருஷன்தான்.”

“உங்க பொண்ணு எத்தனாவது படிக்கிறா?”

“ப்ளஸ் டூ” என்றான். அது சரியான விடை.

“அப்பா, போய்ச் சட்டையை மாத்துங்க. மெழுகு ஒட்டியிருக்கு” என்றாள் யாமினி கைடிலிருந்து நிமிராமல். வனஜகுமாரிக்கு மனம் நிறைந்துவிட்டது.

“கீழ சுத்தம். மேல பாத்துடலாம்.”

“மேல நான்தான் இருக்கேன்” என்றார் ஏகாம்பரம்.

“அதான்.”

எல்லோரும் மாடிக்குப் போனார்கள். மாடியில் ஒரு தட்டு இருந்தது. ஒரு டம்ளர் இருந்தது. ஒரு தலையணை. பல்செட் போட்டு வைக்கும் ஒரு கிண்ணம். மூக்குக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். வனஜகுமாரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வீட்டம்மா எங்க?”

“அமெரிக்கால. அடுத்த மாசம் வந்துடுவா.”

“எல்லா பேச்சலரும் இதத்தான் சொல்றாங்க.”

“கல்யாண போட்டோ இருக்கு மேடம்!” ஏகாம்பரம் ஓடிப்போய் பீரோவிலிருந்து படத்தை எடுத்து வந்தார். கறுப்பு வெள்ளைப் படம். மாலை போட்டுக்கொண்டு இளவயது ஏகாம்பரம் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார்.

“இதுல இருந்தாளே” என்றார்.

“சார், சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க” என்றார் வனஜகுமாரி. குரலில் கோபம் இல்லை. “இது குடும்பங்கள் இருக்கற தெரு.”

“மேடம், இது நான் கட்டின வீடு! நான்தான் வீட்டுக்காரர்!”

“அதையும் கேட்டுடுவோம்.” வனஜகுமாரி படிக்கட்டில் நின்ற தில்லைநாயகியிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. யாரு உங்க வீட்டுக்காரர்?”

தில்லைநாயகி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். அவள் கையால் சாப்பிட்ட மனிதர். மீன் தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அவர் வாயைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்தட்டு நழுவிக் கீழ்த்தட்டின் மேல் உட்கார்ந்தது. அவள் கையை உயர்த்தித் திரவியத்தைக் காட்டினாள்.

“இவர்தான் மேடம்.”

அது பொய் இல்லை. குடிவந்த நாளிலிருந்து அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“திரவியம், நீங்களாவது சொல்லுங்க சார்” என்றார் ஏகாம்பரம். அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், ‘சார்’ போட்டதும் அதுதான் முதல் தடவை.

திரவியத்துக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் தோன்றியது. மண்டபத்தையும் பெஞ்சுகளையும் சொல்லலாம். தான்தான் தனியாள் என்று சொல்லலாம். சொன்னால் இவர் மேலே இருப்பார். தான் அலமாரித் தட்டில் படுக்க வேண்டும். தில்லைநாயகியும் யாமினியும் பெஞ்சுக்குப் போவார்கள், வேறு யாருக்கோ வேறு பெயர்களில் உறவாவார்கள். அவன் வாயைத் திறந்தான். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

“நான் என்னத்தச் சொல்ல சார்” என்றான்.

ஏகாம்பரம் சாயங்காலம் கிளம்பினார். ஒரு பையும் பல்செட் கிண்ணமும் எடுத்துக்கொண்டார். சாவிக்கொத்தைக் கூடத்து மேசையில் வைத்தார். அவர் தெருவில் நடந்துபோனபோது இரண்டு பக்கத்து வீடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்துகொண்டன. தெரு மிக அகலமாகத் தெரிந்தது. நடுவில் அவர் ஒருத்தர்தான் போனார். திரவியம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான். தில்லைநாயகி வந்து சன்னலைச் சாத்தினாள். “வழக்கமா மூணு மாசம்தான் ஒரு வீடு” என்றாள். “இது எவ்வளவு நாளைக்குன்னு தெரியல.” கொக்கியைப் போட்டுவிட்டு, “குக்கர பரண்ல ஏத்தி வெச்சிடட்டுமா?” என்று கேட்டாள். அவ்வளவு நாளும் அவள் அதைக் கிளம்பும்போது கைக்கெட்டுகிற இடத்தில்தான் வைத்திருந்தாள்.

“ஏத்துங்க” என்றான் திரவியம். சமையலுக்கு வேறு பாத்திரம் வாங்கினார்கள்.

சில நாள் அவனுக்குத் தூக்கம் சரியில்லை. மாடியில் யாரோ இருமுவது போல இருக்கும். எழுந்துபோய்ப் பார்ப்பான். யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு தூக்கம் வந்தது. காலையில் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தான். யாமினி ஒளிவிலகலை முடித்துவிட்டு மின்காந்தவியலுக்குப் போனாள். நடை தன் பழைய நீளத்துக்கு வந்து நின்றது. யாரோ ஒருத்தர் வாசலில், “வீட்டுக்காரர் இருக்காரா?” என்று கூப்பிட்டபோது அவனே எழுந்துபோனான். வாங்குவதற்கும் அவன்தான், கொடுப்பதற்கும் அவன்தான்.

கூப்பிட்டவன் கன்னியப்பன்.

“மேல வூடு சும்மா கெடக்குது சார். நல்ல பார்ட்டி ஒண்ணு கீது.”

தில்லைநாயகி உள்ளேயிருந்து வந்தாள். “யாரு வந்தாலும் பரவாயில்ல. நல்ல குடும்பமா இருக்கணும்.”

“இன்னாக்கா, எங்கைலயே சொல்ற” என்று சிரித்தான் கன்னியப்பன்.

மறுநாள் கூட்டி வந்தான். கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண், பேங்கில் வேலையாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். ரொம்பக் களைத்திருந்தாள். அவளுடைய அம்மா என்று ஒரு பெண்மணி. அந்த அம்மாளைத் திரவியம் மண்டபத்தில் கூட்டுக் குடும்பத்து பெஞ்சில் பார்த்திருக்கிறான். பிரித்துத் தந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பின்னால் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நிமிர்ந்து நடந்தார். பல்செட் ‘டிக்’ என்றது.

ஏகாம்பரம்தான்.

திரவியம் எழுந்து நின்றான். ஏகாம்பரம் அவனைப் பார்த்துக் கும்பிட்டார். தெரிந்தவரைக் கும்பிடுகிற கும்பிடு இல்லை. வீட்டுக்காரரைக் கும்பிடுகிற கும்பிடு.

“அப்பா, மெதுவா. படி இருக்கு” என்று அந்தப் பெண் அவர் கையைப் பிடித்தாள்.

“பாத்துக்கறேன்மா, பாத்துக்கறேன்மா” என்றார் அவர். இரண்டாவது தடவை சொல்லத் தேவையில்லை. சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்திருக்கும். அவர் முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. சட்டையில் பேனா இல்லை.

மாடி முழுக்கச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சன்னல் கொக்கியை ஆட்டினார். விரலை மடித்துச் சுவரில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“ஈரம் ஏறியிருக்கு. சிமென்ட்டுல கை வெச்சிருக்கான். எவன் சார் கட்டினான் இந்த வீட்ட?”

தில்லைநாயகி, “பழைய வீடு சார். நாங்க வரும்போதே இப்படித்தான்” என்றாள்.

“கட்டினவன் ஒரு தடவையாவது உள்ள குடியிருந்து பாத்திருக்கணும்” என்றார் ஏகாம்பரம். பிறகு மகளிடம் திரும்பி, “ஆனா காத்து வருதும்மா. உனக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கலாம்” என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள். எது கிடைத்தாலும் தலையாட்டும் நிலையில் இருந்தாள்.

திரவியம் கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். ஆனால் எல்லோரும் அவன் கேட்பதற்காகக் காத்து நின்றார்கள். கன்னியப்பன்கூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்து நின்றான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நீங்க எந்தப் பக்கம்?”

“நீங்க எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் சார்” என்றார் ஏகாம்பரம். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நல்ல பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

கீழே இறங்கும் முன் அவர் திரவியத்தைத் தனியாகச் சன்னல் ஓரம் அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மூச்சில் காபி வாசனை அடித்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். வயசுப் பொண்ணோட வர்றோம், கேட்டுக்கணும் இல்லையா. இதுக்கு முன்னாடி மேல இருந்தவரு ஏன் காலி பண்ணாரு?”

திரவியம் அவர் கண்ணைப் பார்த்தான். அதில் எதுவும் இல்லை. ஒரு தகப்பனின் கவலை மட்டும் இருந்தது.

“அவரு தனியாளு சார்” என்றான்.

ஏகாம்பரம் உச்சுக்கொட்டினார். மேல்தட்டு நழுவியது. கட்டைவிரலால் அதை மேலே தள்ளிப் பொருத்திக்கொண்டார்.

“அந்த மாதிரி ஆளுங்களுக்கு வீடே குடுக்கக் கூடாது சார்.”

“கூடாதுதான்” என்றான் திரவியம்.

இரண்டு பேரும் சேர்ந்து கீழே இறங்கினார்கள். படிக்கட்டு அவர்களுக்காகக் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு படி இறங்குவதற்குள் கூடம் வந்துவிட்டது.